ஆட்டுக்குட்டியின் குதிகால்

ஆட்டுக்குட்டி என்கிற பேரை மூத்தவள் முதன்முதலாகக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில், இஸ்திரிக் கடையில் நின்றபடி, டிரைவர் அண்ணன் வாயிலிருந்து. அப்போது அவள் தேய்த்துக்கொண்டிருந்ததும் அவருடைய சட்டையைத்தான். பஸ் ஓட்டுகிற வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் அவருக்குச் சட்டைக் கையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும்.

"நேத்து நீ வராமப் போயிட்டியேம்மா, பெரிய காட்சியை விட்டுட்டே," என்றார். "அந்தச் சறுக்குப் பாறை இருக்கே, நாமெல்லாம் உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டே இறங்குவோமே, அதுல ஆட்டுக்குட்டி நின்ன வாக்குல இறங்கிடுச்சு. நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு நின்னோம்."

"யாருண்ணே ஆட்டுக்குட்டி?"

"எல்லாம் உன் கொழுந்தன் பொண்டாட்டிதான். நேத்துதான் பேரு வச்சோம். பொருத்தமா இல்ல?"

மூத்தவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் தூக்கினாள். சட்டையின் முதுகில், பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பாக ஒரு தடம். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் கருக்கிய மூன்றாவது துணி அது. முதல் இரண்டும் கைக்குழந்தை அழுதபோது கருகியவை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை ஏறுகிற அந்தக் கூட்டத்தில் மூத்தவள் பதினோரு வருஷமாக நடக்கிறாள். ஒருத்தரும் அவளுக்கு ஒரு பேர் வைத்ததில்லை. விசில்காரம்மா என்பார்கள். அது பேரா? அது வேலை.

உறவுமுறையைச் சொல்லிவிட்டால் இது நன்றாகப் புரியும். ஒரே வீடு, இரண்டு தளம். கீழே மூத்தவளும் அவள் புருஷனும். தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. மேலே கொழுந்தனும், ஆட்டுக்குட்டி என்று பேர் வாங்கிய இளையவளும். மூத்தவள் மருமகளாக வந்தபோது கொழுந்தனுக்கு ஒன்பது வயது. அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். பிறகு அவனுக்குப் பெண் பார்க்கப் போனவர்களிலும் அவள் ஒருத்தி. பெண்ணின் அம்மாவும் டிரைவர் அண்ணனின் மாமியாரும் கூடப் பிறந்தவர்கள். அந்த வழியில் வந்த சம்பந்தம். ஆக, இளையவளை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மூத்தவள்தான், மலைக்குக் கூட்டிப்போனதும் மூத்தவள்தான். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரித்துக் காட்டுகிற பெண், ஞாயிற்றுக்கிழமையாவது நல்ல காற்றைக் குடிக்கட்டும் என்று நினைத்தாள். அந்த நல்ல எண்ணத்துக்காகப் பின்னால் தன்னையே அவள் திட்டிக்கொண்ட திட்டுக்குக் கணக்கே இல்லை.

வாரத்தில் ஆறு நாள் மூத்தவளுக்கு எதிரே இருப்பது சுவர். சுவரில் ஒரு காலண்டர், காலண்டருக்குப் பக்கத்தில் ஸ்விட்ச், அவ்வளவுதான். ஏழாம் நாள் மலை. அங்கே அவளுக்கு முன்னால் யாரும் கிடையாது. முன்னால் நடக்கிறவர் கழுத்தில் விசில், கடைசியில் நடக்கிறவர் தோளில் மருந்துப் பை; இது அந்தக் கூட்டத்தின் வழக்கம். விசில் ஒரு தடவை ஊதினால் உட்காரலாம். இரண்டு தடவை ஊதினால் எழுந்துவிட வேண்டும். வீட்டில் அவள் சொன்னால் பூனைகூட நகராது. மலையில் அவள் ஊதினால் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். அந்த விசிலின் அருமை அவளுக்குத்தான் தெரியும்.

பேர் வைத்த அடுத்த மாதம் ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கி வலது காலை ஊன்றினாள். குதிகாலுக்குள் யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து எட்டு வைத்தாள். வலி மெல்லக் கரைந்து போயிற்று. சரி, ஏதோ சுளுக்கு என்று விட்டுவிட்டாள். மறுநாளும் ஆணி. அதற்கு மறுநாளும் ஆணி. நடக்க நடக்கக் குறையும். உட்கார்ந்து எழுந்தால் பழையபடி அடிக்கும். இரண்டு வாரத்தில் மூத்தவள் அதன் புத்தியைப் பிடித்துக்கொண்டாள். உட்காராமல் இருந்தால் இந்த வலி வெளியே தெரியாது. கடையில் சாப்பாட்டையும் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பெரிய நடைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, மழை விட்ட பிறகு, மூன்று மலையையும் ஒரே நாளில் சுற்றி வருகிற பதினெட்டு கிலோமீட்டர். கால் சரியில்லை என்று தெரிந்தால் விசில் யார் கழுத்துக்குப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாட்களில்தான் மேல்மாடியில் அந்தச் சத்தம் அவள் காதில் விழ ஆரம்பித்தது. விடிந்தும் விடியாமலும் தலைக்கு மேலே கடகடவென்று ஏதோ உருளும். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி உருளும்.

"ஏங்க, மேல என்னத்தை உருட்டுறா அவ?"

புருஷன் போர்வைக்குள்ளிருந்தே சொன்னார். "உருட்டினா உருட்டிட்டுப் போறா. உன்னையா உருட்டுறா?"

"ஏதோ மெஷின் வாங்கிக் குடுத்திருக்காரு உங்க தம்பி. காலுக்குப் பலம் ஏத்துற மெஷின். அதான் பாறையில ஓடுறா."

"அவன் சம்பளத்துக்கு மெஷினா? போன மாசம் என்கிட்ட வாங்கின குடையவே இன்னும் திருப்பித் தரல."

மூத்தவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. தினமும் காலையில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி, உருளுகிற சத்தத்தைக் கேட்பாள். கால் வலியைவிட அது வலித்தது.

இளையவளின் நடையை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, துணியில் கறை தேடுகிற பார்வை. ஷூவைப் பார்த்தாள். தடித்த அடி, நீல வார். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் காலியாகக் கிடந்தது. 'அளவு பார்த்து வாங்கக்கூடத் தெரியல' என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பெரிய நடைக்கு ஒரு வாரம் முன்னால் தானும் போய் அதே ஷூவை, அதே நீல வாரோடு, காலைக் கவ்விப் பிடிக்கிற அளவில் வாங்கினாள். குதிகாலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று இஸ்திரி மேசைக் கம்பளியில் ஓரமாக ஒரு துண்டு வெட்டி நாலாக மடித்து உள்ளே திணித்துக்கொண்டாள்.

பெரிய நடை அன்று விடியற்காலையில் அந்தப் பன்னிரண்டு பேரும் மூத்தவளும் அடிவாரத்தில் கூடினார்கள். மூத்தவள் கழுத்தில் விசில். மருந்துப் பை அந்த வருஷம் ஆட்டுக்குட்டி தோளில். "கடைசியில நான் வரேன்கா," என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மூத்தவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. நல்ல பேர் வாங்குவதற்கென்றே பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் மலையில் உட்காருகிற இடம் மூன்று. ஒற்றைப் பாறை வந்தது. விசில் ஊதவில்லை. வளைந்த மரம் வந்தது. ஊதவில்லை. பின்னால் முணுமுணுப்பு கேட்டது. மூத்தவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கால் சூடாக இருக்கும்வரை ஓடும், ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் நொண்ட வேண்டும். நொண்டினால் பன்னிரண்டு ஜோடிக் கண்ணும் அவள் காலில் இருக்கும், அதில் ஒரு ஜோடி ஆட்டுக்குட்டியுடையது.

சுனையையும் தாண்டினாள்.

"என்னம்மா இது, ஸ்டாப்புல நிக்காமலே போறே!" டிரைவர் அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். "நான் இப்படி ஓட்டியிருந்தா அன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்க!"

"இன்னும் கொஞ்சம்தாண்ணே! உச்சியில உட்காரலாம்!"

"உச்சிக்குப் போனா என்னை உட்கார வைக்க வேணாம், படுக்கத்தான் வைக்கணும்!"

நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. டிரைவர் அண்ணனின் முகம் வெளுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த முதுகில் இஸ்திரித் தடம் இருந்தது. கருகிய சட்டையை வீணாக்க மனமில்லாமல் மலைக்குப் போட்டு வந்திருந்தார்.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஆட்டுக்குட்டி முன்னால் வந்தாள். மூத்தவளோடு சேர்ந்து நடந்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அக்கா, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதுன்னுதானே ஊத மாட்டேங்கறீங்க?"

"யாரு சொன்னது? எனக்கென்ன வந்தது?"

"கடையில நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதுக்கு?"

"நானும் அப்படித்தான் சாப்பிட்டேன், ரெண்டு வருஷம் முன்னாடி. எனக்கு ரெண்டு குதிகாலும்கா."

மூத்தவள் நடையை நிறுத்தவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தாள். "பாறையில ஓடுறே?"

"ஓடறதுக்கு முன்னாடி தினமும் ஒரு மணி நேரம் என்ன பண்றேன்னு உங்களுக்குத் தெரியாது. தண்ணி நிரப்பி ஐஸ் ஆக்கின பாட்டிலைக் காலடியில வச்சு உருட்டுவேன். கீழ சத்தம் கேக்கலையா?"

மெஷின் இல்லை. பாட்டில். இத்தனை காலையும் மூத்தவள் கூரையைப் பார்த்து எரிந்தது ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு.

"ஊதுங்கக்கா. டிரைவர் மாமா விழுந்துடுவாரு. எழுந்திருக்கும்போது நான் முதல்ல எழுந்து நொண்டறேன். எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க. நீங்க மெதுவா எழுந்திருங்க."

ஒரே ஊதல். பன்னிரண்டு பேரும் அங்கங்கே சரிந்தார்கள். டிரைவர் அண்ணன் படுத்தே விட்டார். ஆட்டுக்குட்டி ஷூவைக் கழற்றினாள். உள்ளே கிண்ணம் மாதிரி ரப்பர் மெத்தை குதிகாலுக்கு அளவாக உட்கார்ந்திருந்தது. மூத்தவளும் கழற்றினாள். கம்பளித் துண்டு நனைந்து சுருண்டு வெளியே விழுந்தது. விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"இஸ்திரி மேசைக் கம்பளியாக்கா?"

"ஆமா. ஏன், கம்பளிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

அந்த 'ஒண்ணுமில்லக்கா'வை மூத்தவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பதினைந்து நிமிஷம் கழித்து இரண்டு ஊதல். சொன்னபடியே ஆட்டுக்குட்டி முதலில் எழுந்தாள். உட்கார்ந்த வாக்கில் காலை நீட்டி, விரல்களைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்து, பிறகுதான் எழுந்தாள்; எழுந்து எல்லோருக்கும் நடுவில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், நொண்டி நொண்டி நடந்தாள்.

"அய்யய்யோ, ஆட்டுக்குட்டிக்கு வயசாயிடுச்சு!" என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பத்தாவது எட்டில் நடை நேராகிவிட்டது. நொண்டுவதைக்கூட நாலு பேர் ரசிக்கிற மாதிரி நொண்டுகிறாளே என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே எழுந்தாள். எழுந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பத்து எட்டு வைத்தாள், சரியாகவில்லை. இருபது வைத்தாள். சிரிப்பு அடங்கி, ஒவ்வொருவராக அவள் காலைப் பார்த்தார்கள்.

அந்த இடத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஒரு பாதை இறங்குகிறது. நொண்டுகிறவர் மேலே ஏறக்கூடாது, அந்தப் பாதையில் இறங்கி பஸ் பிடித்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல்காரர் கால் பிசகி, அவரை நாலு பேர் சுமந்து இறக்கிய அன்று போட்ட சட்டம். போட்டவள் மூத்தவள்தான்.

யாரும் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மூத்தவள் விசிலைக் கழற்றினாள். ஆட்டுக்குட்டி பக்கத்தில்தான் நின்றாள். மூத்தவள் அவளைத் தாண்டிப்போய் டிரைவர் அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க முன்னாடி போங்க."

"நானா? உள்ள இழுக்கவே மூச்சைக் காணோம்மா, வெளிய ஊதறதுக்கு எங்க போவேன்? ஆட்டுக்குட்டிகிட்ட குடு."

வேறு வழியில்லை. கொடுத்தாள். "தொலைச்சிடாதே," என்று மட்டும் சொன்னாள்.

ரோட்டோரத்து பஸ் நிழற்குடையில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக, மூத்தவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டாள். மேலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் இரண்டு. ஒரு தடவையாவது தப்பான இடத்தில் ஊதமாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஊதவில்லை. ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் சரியாக ஊதினாள் அந்தப் பாவி.

கால் வைத்தியரிடம் இளையவள்தான் கூட்டிப்போனாள். வைத்தியர் ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. குதிகாலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலையில முதல் அடி வைக்கும்போது வலி, அப்புறம் குறையுது, உட்கார்ந்து எழுந்தா மறுபடி. சரியா?" என்றார். மூத்தவள் இளையவளை முறைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள் அவள்.

உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடுகிற தடித்த நார் இழுபட்டுப் போயிருக்கிறது என்றார் வைத்தியர். கெண்டைக்கால் இறுகி இறுகி அதை இழுத்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் தேய்ந்த செருப்போடு நாளெல்லாம் நின்றுவிட்டு, ஏழாம் நாள் திடீரென்று மலை ஏறினால் கால் என்ன செய்யும்? இஸ்திரி மேசைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடச் சொன்னார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்றார். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களை இழுத்துப் பிடிக்க வேண்டும். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கிக் கெண்டைக்காலைத் தளர்த்த வேண்டும். சாயங்காலம் ஐஸ் பாட்டில் பத்து நிமிஷம். மேல் தோல் மரத்துப்போகாமல் நடுவில் காய்ந்த துணி. மலை இப்போதைக்கு வேண்டாம்; சமதளத்தில் கொஞ்சமாக நடந்து, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போய், அப்புறம் சின்ன மேடு, அப்புறம்தான் மலை. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்.

"இந்த ஷூ?" என்று நீல வாரைக் காட்டினாள்.

"நடக்க நடக்கக் கால் வீங்கும். முன்னாடி ஒரு விரல் இடம் விட்டு வாங்கணும். புதுசை முதல்ல வீட்டுக்குள்ள போட்டுப் பழக்கணும், நேரா மலைக்குப் போட்டுட்டுப் போகக்கூடாது."

இளையவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த பார்வை ரொம்ப நல்ல பிள்ளைப் பார்வை.

அப்புறம் அந்த வீட்டில் இரண்டு தளத்திலும் உருட்டல். மூத்தவள் பாட்டிலைச் சாயங்காலம் மட்டும் உருட்டவில்லை. இளையவள் காலையில் உருட்டுகிறாளா, அவள் கடகடக்கும் முன்னால் தான் கடகடக்க வேண்டும் என்று விடியற்காலையிலும் எழுந்தாள். இளையவள் படியில் முப்பது எண்ணினால் இவள் ஐம்பது எண்ணினாள்.

"மேலயும் உருட்டல், கீழயும் உருட்டல்," என்றார் புருஷன். "வீட்டுக்குள்ள குடியிருக்கேனா கூட்ஸ் ஷெட்ல குடியிருக்கேனான்னு தெரியல."

ஐம்பது எண்ணியதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வீணானது. வைத்தியர், "யாரோட போட்டி போடறீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் முப்பதோடு நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் மாதத்தில் ஒரு காலையில் இறங்கி நடந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் ஆணி அடிக்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது.

ஐந்தாம் மாதம் மலைக்குப் போனாள். அடிவாரத்தில் ஆட்டுக்குட்டி விசிலைக் கழற்றி நீட்டினாள். "இந்தாங்கக்கா, பத்திரமா வச்சிருந்தேன்."

வாங்கிக்கொள்ள மூத்தவளின் கை பாதிவரை நீண்டது. ஆனால் முன்னால் நடக்கிறவர் இழுத்தால் பன்னிரண்டு பேரும் இழுபட வேண்டும். பாதி மலை தாண்டியதும் தன் கால் என்ன சொல்லும் என்று அவளுக்கே தெரியவில்லை. டிரைவர் அண்ணனின் வெளுத்த முகமும் கண்ணுக்குள் வந்தது. "இன்னிக்கு நீயே போ," என்று சொல்லி மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள். சொல்லிவிட்டு வழியெல்லாம் பல்லைக் கடித்தாள்.

கூட்டத்தின் கடைசியில் அவள் நடந்ததே இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லோருடைய காலும் தெரிகிறது. வளைந்த மரம் வந்தது. விசில் கேட்கவில்லை. சுனை வந்தது. கேட்கவில்லை. மூத்தவள் எட்டிப் பார்த்தாள். முன்னால் போகிற நீல வார் ஷூவில், இடது குதிகால் தரையைத் தொடாமல், நுனிக்காலிலேயே போய்க்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. துணியில் கறை தேடிப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தது.

மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னவள். விசில் கழுத்துக்கு வந்ததும் தானும் அதே வேலையைத்தான் செய்கிறாள். இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே போகவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பத்து எட்டு விட்டாள். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை.

"ஏய் ஆட்டுக்குட்டி!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அந்தப் பேரைச் சொல்லி மூத்தவள் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஊதுடி! ஊதிட்டு உட்காரு!"

முன்னால் ஷூ நின்றது. பிறகு ஒரே ஒரு ஊதல்.

எழுந்திருக்கும்போது மூத்தவள் முதலில் எழுந்தாள். அவளுக்கு வலி இல்லை. ஆனாலும் எல்லோரும் பார்க்கிற மாதிரி நன்றாக நொண்டிக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தார். சிரிக்கும்படி நொண்டவும் ஒரு ராசி வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டுக்குட்டி இப்போதும் அந்த வீட்டின் மேல்மாடியில்தான் இருக்கிறாள். துணிக்கடையில் அவளுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முன்னால் நடக்கிறாள், மூத்தவள் கடைசியில் நடக்கிறாள். விசில் ஆட்டுக்குட்டியிடம்தான் இருக்கிறது.